ஆயா சாப்பிட்டது என்ன?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் முதியோர் கூடும் பகல்நேர மையங்களுக்கு உணவு ஆலோசகராகப் போய்வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பேன். சர்க்கரையைக் குறை, உப்பைக் குறை, சோற்றைக் குறை. இங்கே நம்மவர்களிடம் சர்க்கரை நோய் அவ்வளவு பரவியிருக்கிறது.

78 வயது ஆயா ஒருவர் நான்கு மாதம் கழித்து வந்தார். 58 கிலோ இருந்தவர் 51 ஆகியிருந்தார். "நீ சொன்னபடியேதான் இருக்கேன் கண்ணு" என்றார். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் ஊன்றித்தான் எழுந்தார். எனக்குத் திக்கென்றது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

காலையில் தேநீரும் இரண்டு துண்டு ரொட்டியும். மதியமும் அதேதான். இரவு கொஞ்சம் உருளைக்கிழங்கு. புரட்டாசி வேறு, மீனும் முட்டையும் வீட்டுக்குள் வராது. மற்ற மாதங்களில் கறி சமைத்தாலும் மெல்லப் பல் இல்லை. சுகர் பீன்ஸ் என்ற உலர்ந்த பீன்ஸ் வேக நேரமாகும், ஒருத்திக்காக எதற்கு அடுப்பு என்றார்.

கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். ஆயாவுக்கு 50 கிராமுக்கு மேல். அவர் தட்டில் அதில் பாதிகூட இல்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து உடலில் சேர்வதும் குறையும். குறை, குறை என்று மட்டும் சொன்னது என் தவறு.

அப்புறம் அவர் கையில் இருப்பதிலிருந்தே தொடங்கினோம். முதியோர் உதவித்தொகைதான் வருமானம். உலர்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, மத்தி வகையான பில்சர்ட் மீன் டின் எதற்கும் இங்கே வாட் வரி கிடையாது. பீன்ஸை இரவே ஊறவைத்து, ஒரே பானையாக வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். விரத மாதத்தில் அதுவும், முருங்கைக்கீரை போட்ட பருப்பும், தயிரும். விரதம் முடிந்தால் தினம் ஒரு முட்டை. பில்சர்டை முள்ளோடு மசித்தால் பல் வேண்டாம், கால்சியமும் கிடைக்கும்.

இப்போது 53 கிலோ. இரவில் மட்டும் இன்னும் தேநீரோடு படுத்துவிடுகிறார். தாத்தா போனபிறகு தனியாகத் தட்டு வைக்க மனம் வரவில்லையாம். அடுத்த தெருவில் இருக்கும் பேரனிடம் பேசினேன். வாரத்தில் மூன்று நாளாவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆயா வீட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறான்.