ஷேவிங் சோப்பு நுரை: இதுவரை பிடிபட்டது

ஷேவிங் சோப்பில் நல்ல நுரை எடுப்பது பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்குதான். சோப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அந்தத் தண்ணீர் எந்த மாதிரி, இந்த மூன்றும் அமைந்துவிட்டால் பிரஷ் எதுவாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். சில மாதங்களாக ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறேன், மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று இது.

கிண்ணம் ததும்ப நிற்கும் நுரை போட்டோவுக்குத்தான் அழகு. அதில் பெரும்பங்கு காற்று. முகத்தில் வேலை செய்வது குமிழிகளுக்கு நடுவே இருக்கும் சோப்புத் தண்ணீர்ப் படலம், பிளேடு வழுக்கிக்கொண்டு போவது அதன் மேல்தான். அதனால் நுரையின் உயரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது என் சோதனை ஒன்றே ஒன்று: கொஞ்சம் நுரையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேய்ப்பேன், குமிழியெல்லாம் உடைந்த பிறகும் விரல்கள் வழுக்கினால் சரி, உடைந்ததுமே தோலோடு தோல் பிடித்தால் சோப்போ தண்ணீரோ ஏதோ ஒன்று குறைகிறது.

பெரும்பாலும் குறைவது சோப்பு. பிரஷில் சோப்பு ஏற்றும் நேரத்தை நீட்டியதுதான் இத்தனை மாற்றங்களில் அதிகப் பலன் கொடுத்தது. நனைத்த பிரஷை லேசாக உதறிவிட்டுக் கட்டி சோப்பின் மேல் சுற்ற ஆரம்பித்தால் முதலில் சளசளவென்று பெரிய குமிழிகள் வரும், பார்க்க நுரை வந்துவிட்ட மாதிரியே இருக்கும், அங்கே நிறுத்தக் கூடாது. அரை நிமிடம் தாண்டும்போது அந்தக் குமிழிகள் சின்னதாகி, அப்புறம் காணாமலே போய், வெள்ளையாக ஒரு பசை பிரஷின் நுனியில் சேரும். சத்தமும் அடங்கிவிடும். முடி நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுற்றும்போது கையில் ஒரு இழுவை தெரிய ஆரம்பிக்கும். நான் அந்த இழுவை வந்த பிறகும் இன்னும் பத்து சுற்று சுற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன். கட்டி ரொம்ப இறுகிய சோப்பாக இருந்தால் மேலே கொஞ்சம் வெந்நீர் விட்டு, முகம் கழுவி முடிக்கும்வரை அப்படியே வைத்துவிடுவது உண்டு. சோப்பு சீக்கிரம் கரைந்து தீர்ந்துவிடுமே என்று யோசிப்பவர்கள் உண்டு, ஒரு கட்டி மாதக்கணக்கில் வருகிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் சேர்ப்பது. பசை நிலையில் இருக்கும் பிரஷை முகத்தில் வைத்துச் சுற்ற ஆரம்பித்து, பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் சோப்போடு கலக்காமல் நீர்த்துவிடும். தண்ணீர் போதாத நுரை தடிப்பாக, மங்கலாக, சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். பல பேர் இதையே நல்ல நுரை என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம், ஏனென்றால் கண்ணுக்குத் திடமாகத் தெரியும், ஆனால் ஷேவ் பாதியில் இருக்கும்போதே கன்னத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இன்னும் தொட்டுச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேற்பரப்பு மாறும், அப்போதுதான் அடித்த பெயிண்ட் மாதிரி ஈரப் பளபளப்பு வந்துவிடும். பிரஷை எடுத்தால் முனை கூராக நிற்காமல் லேசாக வளையும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே போனால் குமிழிகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும், தாடையிலிருந்து வழிய ஆரம்பிக்கும். எந்தப் புது சோப்பு எடுத்தாலும் முதல் தடவை வேண்டுமென்றே அந்த எல்லையைத் தாண்டிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். ஷேவ் எதுவும் செய்யாமல், கிண்ணத்தில் வெறும் நுரை மட்டும் போட்டு, உடையும்வரை தண்ணீர் சேர்த்துக்கொண்டே போவேன். அந்த சோப்பு எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிட்டால் அதற்கு இரண்டு தொடல் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி தண்ணீரின் குணம். இதைத்தான் நான் ரொம்ப நாள் கதை என்று நினைத்திருந்தேன், செய்து பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஒரே சோப்பு, ஒரே பிரஷ், ஒரு நாள் குழாய்த் தண்ணீர், மறுநாள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். டிஸ்டில்டில் அதே அளவு சோப்புக்கு நுரை அடர்த்தியாக வந்தது, ஷேவ் முடியும்வரை காயவும் இல்லை. குழாய்த் தண்ணீரில் அதே நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் சோப்பு ஏற்ற வேண்டியிருந்தது.

காரணம் எளிது. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு அல்லது பொட்டாசிய உப்பு, தண்ணீரில் கரையும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத கால்சியம் ஸ்டியரேட் மாதிரி உப்பாக மாற்றிவிடும். வாஷ்பேசின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். ஒவ்வொரு கால்சியம் அயனியும் இரண்டு ஸ்டியரேட்டை, அதாவது சோப்பின் கொழுப்பு அமிலப் பகுதியை, தின்றுவிடும், மிச்சம் இருப்பதுதான் நுரைக்கு. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) இருந்தால் மென்னீர் என்பார்கள், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். இதைப் பார்க்க டிடிஎஸ் மீட்டர் உதவாது, அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும், சோடியத்தையும் சேர்த்துத்தான் எண் காட்டும், குழாய்த் தண்ணீரில் இருக்கும் அளவு சோடியம் நுரையை ஒன்றும் செய்யாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கடினத்தன்மை ஸ்ட்ரிப் வாங்கி நனைத்துப் பார்த்தால் போதும்.

கடினத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் என்ன செய்யலாம்? கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினம் மட்டும் போகும், சல்பேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும், எனக்குச் சுமாரான பலன்தான். சிட்ரிக் அமிலம் ஒரு லிட்டருக்கு ரொம்பச் சின்னச் சிட்டிகை போட்டதில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அளவு கூடினால் அமிலம் சோப்பையே உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும், நுரை சட்டென்று படுத்துவிடும். இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று இப்போது ஆர்ஓ தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்கிறேன், பிரஷ் நனைக்க, நுரைக்க எல்லாம் அதுதான், முகம் கழுவக் குழாய்த் தண்ணீர். ஒரு ஷேவுக்கு அந்த ஒரு டம்ளர் தாராளம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கமும் இதோடு வந்து சேர்ந்தது. ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் மூன்றும் முன்வரிசையில் இருந்தால் நம்பிக்கையாக எடுக்கலாம். ஸ்டியரிக் நிலைத்து நிற்கும் நெருக்கமான நுரை தரும், தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் லாரிக் அமிலம் சீக்கிரம் பொங்கும், சீக்கிரம் அடங்கும், கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பொட்டாசியம் அதிகமானால் சோப்பு மெத்தென்று இருக்கும், சோடியம் அதிகமானால் இறுகும். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம்தான், அதில் நுரை வந்தாலும் முகத்தில் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் டெட்ராசோடியம் இடிடிஏ என்று இருந்தால் அது கால்சியத்தைக் கட்டிப்போட என்று சேர்த்தது, கடினத் தண்ணீர்க்காரர்களுக்கு நல்லது.

கிரீம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் பிரஷை நன்றாக உதறிவிட்டுத் தொடங்க வேண்டும், விரல் நுனி அளவு போதும், மற்றபடி தொட்டுத் தொட்டுச் சேர்க்கிற அதே முறைதான். பிரஷ் தேவையில்லாத கிரீம் என்று வருவதை மட்டும் நுரைக்க முயல வேண்டாம், அது கையால் பூசவே செய்யப்பட்டது, எவ்வளவு சுற்றினாலும் வெறும் வெள்ளைக் குழம்பாகவே இருக்கும்.

பிரஷில் மூன்று வகை ஓட்டிப் பார்த்தேன். சிந்தெடிக்கின் இழை தண்ணீரை உறிஞ்சாது, இழைகளுக்கு நடுவே தேக்கி வைத்து அழுத்தியதும் ஒரேயடியாகக் கொட்டிவிடும், அதனால் உதறுவதில் கவனம் வேண்டும். மற்றபடி ஊறவைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காயும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பேட்ஜர் என்ற விலங்கின் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் ரொம்ப மெத்தென்று இருந்தால் இறுகிய கட்டியில் சோப்பு ஏற்றப் பொறுமை வேண்டும். பன்றி முடி பிரஷ் முரடு. சில நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால்தான் வளையும், புதிதில் ஒரு வாடையும் உண்டு, போட்ட நுரையில் பாதியை அதுவே விழுங்கிவிடும். நாளாக ஆக நுனி பிளந்து மிருதுவாகும் என்பது உண்மைதான், என்னிடம் இருப்பதில் நடுவில் உள்ள முடிகள் இன்னும் குத்துகின்றன, ஓரத்தில் மட்டும் நுனிகள் இரண்டாகப் பிரிய ஆரம்பித்திருக்கின்றன. கொதிக்கிற தண்ணீரில் எந்தப் பிரஷையும் போட வேண்டாம், முடியை அடியில் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும்.

நுரையைக் கிண்ணத்தில் போடுவதா முகத்திலேயே போடுவதா என்ற கேள்விக்கு என் ஓட்டு முகத்துக்கு. தண்ணீர் போதுமா என்பது தோலிலேயே தெரிந்துவிடுகிறது, சுற்றும்போது முடியும் நிமிர்ந்து நனைகிறது. தோல் சட்டென்று சிவந்துவிடுபவர்களுக்குக் கிண்ணம்தான் சரி.

இப்போது கையில் இருப்பது ஷேவிங் ஸ்டிக், குச்சி வடிவில் வரும் சோப்பு. நனைந்த தாடையில் முடி வளரும் திசைக்கு எதிராகக் குச்சியைத் தேய்த்துவிட்டு, ஈரப் பிரஷால் அங்கேயே நுரைப்பது. எவ்வளவு சோப்பு ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியவில்லை என்பதுதான் சிக்கல், முடி குறைவாக இருக்கும் கன்னத்தில் சரியாக ஒட்டுவதும் இல்லை. தாடையிலும் மோவாயிலும் மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, அங்கிருந்து பிரஷால் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் பரவாயில்லாமல் வருகிறது.