எதுக்கு தனி ப்ளேன்?

"நாடு கடத்த எதுக்குப்பா தனி ப்ளேன்? சாதா ப்ளேன்ல ஒரு சீட்டு போட்டா போதாதா?"ன்னு நேத்து புழல் டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார்.

சாதா ப்ளேன்ல கூட வர்றவங்க பார்ப்பாங்களே ஐயா. யாராவது உட்கார மாட்டேன்னு நின்னா பைலட் வண்டியை எடுக்க முடியாது. 2018ல ஸ்வீடன்ல ஒரு கல்லூரிப் பொண்ணு அப்படித்தான், நாடு கடத்த ஏத்தின ஒரு ஆப்கன்காரரை இறக்குற வரைக்கும் உட்காரவே இல்ல. வாடகைக்கு எடுத்த ப்ளேன்ல அந்த வம்பே கிடையாது. கேள்வி கேக்க ஆளில்ல, அவ்ளோதான்!

ஆனாலும் சில சமயம் கோர்ட்டு எட்டிப் பிடிச்சிடும். 2019 ஆகஸ்ட்ல, ஆஸ்திரேலியாவோட பிலோயிலா ஊர்ல வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை இலங்கைக்கு அனுப்ப ராத்திரியோட ராத்திரியா மெல்பர்ன்ல தனி ப்ளேன்ல ஏத்திட்டாங்க. ரெண்டு பெண் குழந்தைங்க, பொறந்ததே அந்த நாட்டுலதான். ப்ளேன் பறந்துட்டு இருக்கும்போதே நீதிபதி தடை போட, டார்வின்ல இறக்கினாங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவுல அடைச்சு வெச்சாங்க. 2022லதான் ஊர் திரும்பினாங்க. அதுவரைக்கும் விடாம குரல் கொடுத்தது அந்த ஊர்க்காரங்க.

2025 பிப்ரவரியில அமெரிக்க ராணுவ ப்ளேன் 104 இந்தியர்களை விலங்கு போட்டுக் கொண்டுவந்து அமிர்தசரஸ்ல இறக்கினப்ப நாமளும் கொதிச்சோம், நியாயம்தான். இந்தப் புழல் ஈழத்தமிழ் அகதி முகாம்லயே பொறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாம இருக்கிற பசங்களுக்காக அதுல பாதி கோவமாவது வந்திருக்கா நமக்கு?