பிளம் ரக்கியா: இந்த முறை வால் ஒட்டவில்லை

இந்த வருட ரக்கியா, அதாவது பல்கேரியாவின் பழச் சாராயம், ஜெயித்துவிட்டது. போன வருடச் சரக்கில் விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்ற ஈரச்சாக்கு வாடை துளியும் இல்லை. மாதிரிக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இறக்கிக் கொடுத்தேன். மாமனார், பிளம் ரக்கியாவுக்குப் பேர்போன ட்ரோயான் பக்கத்து ஆள்; வாயில் பாராட்டு வராது. கிளாஸ் மறுபடி நீண்டது, போதும்.

ஊறலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காம்போரம் தோல் சுருங்கிய பழம், சர்க்கரை கிடையாது, கொட்டை பெரும்பாலும் நீக்கியாயிற்று. மிதந்த சக்கை இறங்கியதும் ஊர்க் கஸானில், அதாவது பொது வடிகொப்பரையில், முறை வாங்கிவிட்டேன்.

வித்தையெல்லாம் இரண்டாம் வடிப்பில் வாலை, அதாவது கடைசியில் வரும் வாடைச் சரக்கை, வெட்டுவதில்தான். அதே வடிப்பில் முதலில் சொட்டும் ஒதுக்கவேண்டிய சரக்கை யாரும் தவறவிடுவதில்லை, நெயில் பாலிஷ் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். வால் அப்படியல்ல, சத்தமில்லாமல் வந்து கலக்கும். எழுபது சதவீதத்தை ஒட்டி ஆரம்பித்து இறங்கிவரும் சரக்கை, சாராய மீட்டர் நாற்பது காட்டும்வரை பிடிக்கிறார்கள். அந்த மீட்டர் 20 டிகிரி சூட்டுக்கு அளவிட்டது. குழாயிலிருந்து வெதுவெதுப்பாக விழுவதில் விட்டால் கூட்டித்தான் காட்டும். ஆக, நாற்பது என்று நம்பிப் பிடிப்பது நிஜத்தில் அதற்கும் கீழே!

நான் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதும் சின்னச் சின்ன ஜாடிகளில் வரிசையாகப் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, சாராயம் பறந்ததும் மிஞ்சுவதை மோந்து பார்க்க வேண்டும். பழம் மணந்தால் உள்ளே. வெந்த முட்டைக்கோஸ் மணந்தால் அடுத்த வடிப்புக்கு. கஸான்காரர் "இந்தியாக்காரன் பாதியைக் கொட்டுகிறான்" என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். அடுப்புத் தணலில் சுட்ட உருளைக்கிழங்கும் ஊறுகாயும் அவரே எடுத்து நீட்டியதால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

ஒரே மடக்கில் கவிழ்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இங்கே ஷோப்ஸ்கா சாலட்டை வைத்துக்கொண்டு, "நஸ்ட்ரவே" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லி, ஒரு மணிநேரம் உறிஞ்சுவார்கள். வால் ஒட்டியிருந்தால் அந்த ஒரு மணிநேரமும் நாக்கில் உட்கார்ந்திருக்கும்.

நிறம் ஏற்ற மல்பெரி மரப் பீப்பாய் தேடுகிறேன். கேட்ட இடத்திலெல்லாம் ஓக்கைத்தான் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், அதுவும் பழைய ஒயின் புளித்தது. கிடைக்காவிட்டால் கண்ணாடியிலேயே கிடக்கட்டும். அப்புறம், ஒயின் பிழிந்த திராட்சைச் சக்கை பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையும் சொல்லிவைத்திருக்கிறேன். குளிருக்குத் தேன் போட்டுச் சூடாக்கிக் குடிக்க அதில் வடிக்கும் சரக்கு போதும்.

பிளம் சரக்கை இன்னும் தண்ணீர் விட்டு 45 சதவீதத்துக்கு இறக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், விட்டால் கலங்கிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்துதான் கைவைக்க வேண்டும்.