வைட் டவுனில் பழைய வீடு பார்க்கிறவர்களுக்கு

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வைட் டவுனில், துய்மா வீதிப் பக்கம் வீடு பார்க்கப் போனால் முகப்புத் தூணில் மயங்காதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில், தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுத்துப்போகும்; ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தெரிந்துவிடும். சுவரடியில் உப்புப் பூத்துப் பொருக்கு உதிர்கிறதா? சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசியிருப்பார்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியிருக்கும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண். கொத்தியெடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புதான் பூசவேண்டும்.

பத்திரம் தனிக் கதை. மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்த்து வக்கீலிடம் காட்டுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று மட்டும் போதாது. வாரிசுகளில் ஒருவர் பெரும்பாலும் பிரான்சில் இருப்பார். அவர் கையெழுத்தோ பவர் பத்திரமோ வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "இடிச்சுட்டு மாடி கட்டிக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால், கட்டட அனுமதி தரும் நகர அமைப்புக் குழுமத்தில் விசாரியுங்கள். கடலோரத்தில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை மண்டல விதியும் குறுக்கே நிற்கும்.