இ-ரீடருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

திருவொற்றியூரில் இருந்து சென்ட்ரலுக்குத் தினமும் மின்சார ரயிலில் போகிற எனக்கு இ-ரீடர், அதாவது மின்னூல் படிக்கும் கருவி, வாங்க ஆசை வந்து ஒரு வருடம் ஆகிறது. ஆசைக்கும் பர்ஸுக்கும் நடுவில்தான் பஞ்சாயத்து.

சும்மா மாடல் பார்த்தேன். அமேசானின் 2022 கிண்டில்: 6 அங்குலத் திரை, 16 ஜிபி, ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்தின் கூர்மையில் கிண்டிலிலேயே விலை அதிகமான பேப்பர்வைட் மாடலும் இதே 300தான். அப்புறம் கூடுதல் காசு எதற்கு என்றால், பெரிய திரை, தண்ணீர் பட்டாலும் தாங்குவது, திரை வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதி. நான் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தாலும் கடலுக்குள் உட்கார்ந்து படிக்கப் போவதில்லையே! மஞ்சள் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் இழுத்தது, ராத்திரி விளக்கு எரிந்தால் வீட்டில் திட்டு விழும் என்பதால் இருட்டில்தான் படிக்க வேண்டும்.

ஆனால் என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது பிடிஎஃப். நான் படிப்பதில் பாதி, ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள். நண்பரின் 6 அங்குலக் கருவியில் ஒன்றைத் திறந்து பார்த்தேன், எழுத்து எறும்பு சைஸில் இருந்தது, பெரிதாக்கினால் வரி வெட்டுப்பட்டது, வழியில் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் வெறுத்துவிட்டது. அதே கருவியில் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல் ஒன்று அழகாக ஓடியது, ஏனென்றால் அது ஸ்கேன் போலப் பக்கத்தின் படமில்லை, எழுத்து.

சரி, ஸ்கேனுக்கு வீட்டிலிருக்கும் பழைய டேப்லெட், ரயிலுக்குச் சின்னக் கிண்டில். தள்ளுபடிக்காகக் காத்திருக்கிறேன்.