உங்கள் இஷ்டம்

பலகாரத்துக்கு மேலே ஒரு பலகை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "உங்கள் இஷ்டம், தம்பி" என்றார் எங்கள் கடைக்குப் பலகாரம் போடும் அக்கா. குனிந்து தேன்குழல் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பத்து மாதமாகிறது. அந்தச் சொற்களை வேறு வேறு தொனியில் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் கொள்முதல் பார்க்கிறேன். முதலாளியின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே ஜூன் மாதம் வந்தால் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் சிறு உணவுத் தொழில்களின் பொருள்களைக் கடைகளில் தனித் தட்டில் அடுக்கிக் கொண்டாடுவார்களாம். 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீசை எதிர்த்து நின்றவர்களின் நினைவாக அந்த மாதம். தொழிலில் 51 சதவீதமாவது அவர்களுடையதாக இருந்தால் சான்றிதழ் கொடுக்க ஓர் அமைப்பே இருக்கிறது. இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "என்னுடையது நூறு சதவீதம், அடுப்பு உட்பட."

முதலாளிக்கு யோசனை பிடித்துவிட்டது. நுழைந்தவுடன் கண்ணில் படும் தட்டைச் சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கினோம். கண்டனூர் வத்தல், புதுவயல் கவுனி அரிசி, அக்காவின் தேன்குழலும் சீப்புச் சீடையும். அவற்றுக்கு மேலே ஒரு பலகை: 'திருநங்கை ஒருவரின் கைப்பக்குவம்.' வாசகம் என்னுடையது. அன்று அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சீடையைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை வரி விழும்படி அச்சில் பிழிந்து, துண்டு துண்டாக நறுக்கி, விரலில் சுற்றி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். கல்யாண வீடுகளில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலை. அக்கா தனியாகச் செய்கிறார், ஒன்றுகூட எண்ணெயில் பிரிவதில்லை. தேன்குழலும் அப்படித்தான், வெள்ளை குன்றாது. எட்டு மாதமாக வாரந்தோறும் வாங்கிய ஆச்சி ஒருவர், "எந்த வீட்டுப் பெண் செய்கிறாள்?" என்று என்னிடம் கேட்டதுண்டு. அப்போது நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். ஏன் சொல்லவில்லை? பலகை வைக்கத் துணிந்தவனுக்கு அன்று வாய் வரவில்லை.

பலகை வந்த முதல் வாரம் பாக்கெட்டுகள் வேகமாகத்தான் போயின. அந்த ஆச்சியும் வந்தார், பலகையைப் படித்தார், எப்போதும் போல இரண்டு எடுத்துக்கொண்டார். நான்தான் ஏதோ நடக்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா சரக்கு இறக்க வந்தபோது, கைக்குழந்தையோடு நின்ற ஒருவர் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பத்து ரூபாயை நீட்டிக் குழந்தையை ஆசீர்வதிக்கச் சொன்னார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அக்கா குழந்தையின் தலையில் கை வைத்தார், ரூபாயை வாங்கவில்லை. பிறகு என் மேசைக்கு வந்து பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நான் இங்கே பலகாரம் போட வந்தேன், தம்பி" என்றார்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் அவர் இதே கடைக்கு வேறு இருவரோடு கடை கேட்க வந்திருக்கிறார். கல்லாவிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, சீக்கிரம் நகரட்டும் என்று நீட்டியவன் நான். அவருக்கு அது நினைவிருக்கும். இருவரும் பேசியதில்லை.

அன்று இரவே பலகையைக் கழற்றிவிட்டேன். முதலாளியிடம் ஆணி கழன்றுவிட்டது என்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் வெறும் சுவரைப் பார்த்தார். "பலகை எங்கே?"

"உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று..."

"நான் எடுக்கச் சொன்னேனா?"

இல்லை. வைக்கவும் சொல்லவில்லை என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். அது இருவரில் யாருக்குச் சாதகமான பதில் என்று தெரியாததால் பேசாமல் இருந்தேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு ஒரு மாதத் தவணை, அவருக்குச் சரக்கு இறக்கிய அன்றே பணம். உணவுப் பாதுகாப்புத் துறையில் நூறு ரூபாய் கட்டிப் பதிவு வாங்க நான்தான் உடன் போனேன். ஆதாரில் பழைய பெயர் இருந்ததால் பதிவிலும் அதுவே வந்தது. முதல் சில மாதங்கள் பாக்கெட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவர் விட்டுவந்த ஆண் பெயர் அச்சாகிக்கொண்டிருந்தது. கலெக்டர் அலுவலகத்துச் சான்றிதழ் கிடைத்துப் பெயர் மாறிய அன்று எனக்கு இனிப்பு கொடுத்தார். இந்தியாவிலேயே முதன்முதலாக, 2008-இல், திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அரசு பெயர் சொல்லிச் செய்வதை ஒரு கடை செய்தால் என்ன தப்பு?

இதையெல்லாம் அடுக்கி முடிக்கும்போது கண்டனூர் அம்மாள் நினைவுக்கு வந்துவிடுகிறார். வத்தல் போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் தட்டுக்கு மேல் 'கணவரை இழந்தவரின் கைப்பக்குவம்' என்று எழுதலாமா என்று நான் யோசிக்கவே இல்லை. 'கண்டனூர் வத்தல்' என்று மட்டும் எழுதினேன். 'தேன்குழல்' என்று மட்டும் எழுதியிருந்தால், மறைத்தேன் என்று ஆகியிருக்குமோ? ஒருவேளை அக்காவுக்குப் பலகை பிடித்துத்தான் இருந்ததோ? வெறும் சுவரைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபமா, ஏமாற்றமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விற்பனை பழைய அளவுக்கு வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வருகிறார். பலகை கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

போன வாரம் முதலாளி கேட்டார், "ஜூன் வருகிறதே, பலகை பத்திரமாக இருக்கிறதா?" அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அக்கா இரண்டு முறை வந்துபோய்விட்டார். முதல் முறை சீடை எத்தனை பாக்கெட் என்று கேட்டேன். இரண்டாம் முறை எண்ணெய் விலை ஏறிவிட்டதே, கட்டுப்படியாகிறதா என்று கேட்டேன்.