பலகைக்குள் அடைத்த மெஷின்கள்: இங்கிலாந்து வீட்டிலும் கொங்கு வீட்டிலும்

கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் ஃபிரிட்ஜ் மூலையில் நிற்கும், கிரைண்டர் மேடைக்கடியில் இருக்கும், கேஸ் ட்யூப் கண்ணுக்குத் தெரியும். ஏதாவது மக்கர் செய்தால் இரண்டு பேர் பிடித்து இழுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். இங்கிருந்து இங்கிலாந்து போய் வாடகை வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் வரிசையாகப் பலகைக் கதவுகள்தான் தெரியும். எது ஃபிரிட்ஜ், எது டிஷ்வாஷர், எது வெறும் அலமாரி என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அது பத்து நாளில் பழகிவிடும். மெஷின் நின்றுபோகும்போதுதான் திண்டாட்டம்.

இப்படிப் பலகைக்குள் வைக்கும் மெஷின்களை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் வேலை. சிலர் அங்கே, சிலர் கோவை, திருப்பூர்ப் பக்கம். இரண்டு ஊரிலும் நாங்கள் பார்ப்பது ஒன்றுதான்: மெஷின் நன்றாக இருக்கும், அதை உட்கார வைத்த விதம் தப்பாக இருக்கும். இப்போது வெளிநாட்டில் பழகிய பிள்ளைகள் ஊரில் அப்பா அம்மாவுக்குக் கட்டும் வீட்டிலும் அதே மாதிரி கிச்சன் கேட்கிறார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

அதிகமாக வரும் புகார் டிஷ்வாஷரில்தான். "ஏனுங்க, புது மெஷினுங்க, அடியில தண்ணி அப்படியே நிக்குதுங்க." முதலில் சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். சிங்க்கின் டிராப்பில், அதாவது கழிவுநீர் இறங்கும் வளைந்த குழாயில், டிஷ்வாஷர் பைப் மாட்டுவதற்கென்று பக்கவாட்டில் விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் மூக்கு இருக்கும். புது டிராப்பில் அந்த மூக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகடால் அடைத்தே வரும். மெஷின் மாட்டாத வீட்டில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க அந்த ஏற்பாடு. மாட்டும் ஆள் அந்தத் தகட்டை வெட்டி எடுக்காமலே பைப்பைச் செருகி கிளிப்பை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். பைப்பைக் கழற்றி பக்கெட்டுக்குள் விட்டு, தண்ணீரை வெளியேற்றும் புரோகிராமை ஓட்டுங்கள். பக்கெட்டில் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் மெஷினின் பம்ப் நன்றாக இருக்கிறது. மூக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு தெரிந்தால் கூர்மையான கத்தியால் முழு வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் ஓட்டை மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் கறிவேப்பிலையும் கடுகும் அங்கேயே சேர்ந்து மறுபடி அடைக்கும்.

இரண்டாவது, பைப்பின் வளைவு. மெஷினிலிருந்து வரும் பைப் மேடையின் அடிப்பக்கம் வரை ஏறி, அங்கே கிளிப்பில் மாட்டி, பிறகுதான் டிராப்புக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் சிங்க்கில் ஊற்றும் தண்ணீர் மெஷினுக்குள் போகும். ராத்திரி ஓட்டாத மெஷினுக்குள் காலையில் அரிசி கழுவிய தண்ணீர் நின்றால் காரணம் இதுதான். நம் ஊரில் இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. பைப்பைப் பின்கட்டில் தரையோடு இருக்கும் தண்ணீர்ப் போக்கில் விட்டுவிடுகிறார்கள். அப்போது மெஷின் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு வெளியேறும். பாத்திரம் கழுவாமலே மெஷின் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்கும். பைப்பின் முனை தரையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. மேலே இருக்கட்டும், ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது, மெஷினைத் தள்ளும்போது பின்னால் பைப் நசுங்குவது. இதைத் தவிர்க்கத் தள்ளும்போது ஒருவர் சிங்க் அலமாரியிலிருந்து பைப்பை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை இது.

கதவுப் பலகை மாட்டியதும் டிஷ்வாஷர் கதவு தடாலென்று விழுந்தால், பலகையின் எடைக்கு ஸ்பிரிங்கை இறுக்கவில்லை என்று பொருள். பெரும்பாலான மாடல்களில் முன்பக்கம் கீழே இரண்டு ஓரத்திலும் அதற்கான திருகு இருக்கும். இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். திறக்கும்போது பலகை, அலமாரிகளுக்குக் கீழே தரையோடு ஓடும் அடிப்பட்டையில் இடித்தால் பட்டையைத்தான் அறுக்க வேண்டும், கதவுப் பலகையை அல்ல. மெஷினை மேடையோடோ பக்கப் பலகையோடோ திருகிப் பிடிக்காவிட்டால், இரண்டு தட்டையும் நிறைத்து இழுக்கும்போது முன்னால் சாயும். கிரானைட் மேடையில் திருகு ஏறாது என்பதால் இங்கே பக்கப் பலகையில்தான் பிடிக்க வேண்டும். பலர் அதை விட்டே விடுகிறார்கள்.

இன்னொன்றை மனவருத்தத்தோடுதான் சொல்கிறோம். மெஷினை உள்ளே வைத்த பிறகு அதன் முன்னால் வரை டைல்ஸ் ஒட்டுவது. தரை 12 மி.மீ. உயர்ந்துவிடும், மெஷின் குழிக்குள் மாட்டிக்கொள்ளும். கால்களை முழுக்க உள்ளே திருகி இறக்கிப் பார்க்கலாம். பல மாடல்களில் பின்கால் திருகை முன்னாலிருந்தே திருப்பலாம். அப்படியும் வராவிட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும், இல்லையென்றால் மேடையைக் கழற்ற வேண்டும். மெஷின் நிற்கும் இடத்துக்கு அடியிலும் டைல்ஸ் ஓட வேண்டும் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓவனுக்கு வருவோம். 60 செ.மீ. ஓவனுக்கான கூட்டின் உள்ளகலம் பொதுவாக 560 மி.மீ., உயரம் 600 மி.மீ. அளவில், ஆழம் குறைந்தது 550 மி.மீ. அளவு சரியாக இருந்தாலும் ஆசாரி பின்பலகையை அடித்து மூடிவிட்டால் போயிற்று. ஓவனின் விசிறி சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல், அரை மணி ஓடியதும் தானே அணையும், குமிழ்கள் சுடும், பக்கத்து அலமாரியின் லேமினேட் உரியும். பின்பலகையை எடுத்துவிடுங்கள், அடிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே நான்கைந்து செ.மீ. இடைவெளி விடுங்கள். நம் ஊரில் பல்லியும் கரப்பானும் அதன் வழியே எலெக்ட்ரானிக் போர்டுக்குப் போகும் என்பதால் கீழே காற்று நுழையும் இடத்தில் வலை அடிப்பது நல்லது. ஓவன் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் திருகு ஓட்டைகள் தெரியும். அவற்றில் திருகு போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். போடாத ஓவன், திறந்த கதவின் மேல் கனமான தட்டை வைத்ததும் முன்னால் கவிழ்ந்து வரும்.

ஃபிரிட்ஜுக்கும் காற்றுதான் உயிர். கீழே அடிப்பட்டையில் நுழைந்து, முதுகுப்பக்கம் ஏறி, அலமாரியின் உச்சியில் வெளியேற வேண்டும். பல மாடல்கள் கேட்பது 200 சதுர செ.மீ., அதாவது 50 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரத்தில் ஒரு பிளவு. அழகுக்காக அதை மூடினால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஊருக்கு வாங்கும்போது உள்சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் தட்பவெப்பக் குறியைப் பாருங்கள்: 'எஸ்டி' (ST) என்றால் 38 டிகிரி வரை, 'டி' (T) என்றால் 43 டிகிரி வரை. கரூர், ஈரோட்டு வெயிலுக்கு 'டி' வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பைச் சிலிகான் போட்டு மேடையில் ஒட்டாதீர்கள். கூட வரும் ஸ்பாஞ்சுப் பட்டையே போதும். ஒட்டிவிட்டால் பழுது பார்க்கக் கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். பல டிஷ்வாஷர்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் கிடைக்கும். மாடிச் சமையலறைக்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.3 பார்தான் வரும்; மெஷின் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். மெஷின் கெட்டது என்று நினைத்து வால்வை மாற்ற வேண்டாம், சிறிய பிரஷர் பம்ப் போடுங்கள். பம்ப்புக்குக் கோயமுத்தூரில் பஞ்சமில்லை.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீர் வீட்டுக்கும் டிஷ்வாஷரில் தண்ணீரின் கடினத்தன்மைக்கான ஒரே செட்டிங் ஆகாது. டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, கடினத்தன்மை அல்ல. அதற்கென்று உள்ள பட்டையை நனைத்துப் பாருங்கள். ஜெர்மன் அளவில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மி.கி. கால்சியம் கார்பனேட். பல மெஷின்களின் உச்சம் 50 டிகிரி, ஏறக்குறைய 890 மி.கி. உங்கள் போர் அதைத் தாண்டினால் மெஷினுக்கு முன்னால் கடினத்தன்மையைக் குறைக்கும் தனி சாஃப்ட்னர் வேண்டும். உப்புக் குழியில் டிஷ்வாஷர் உப்பு மட்டும் போடுங்கள். சோப்புத்தூள் தவறி விழுந்தால் உள்ளிருக்கும் சாஃப்ட்னர் பாழாகும். பிளக் 16 ஆம்பியரில், பக்கத்து அலமாரிக்குள், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். மெஷினின் முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தண்ணீர், கேஸ், மின்சார இணைப்புகளைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அவற்றில் ஓடும் மெஷின்கள் அந்தப் பிரிவில் வராது. ஒப்பந்தத்திலும் பொருட்பட்டியலிலும் டிஷ்வாஷரும் ஓவனும் எழுதியிருக்கிறதா, பழுது யார் பொறுப்பு என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். குடியேறும் நாளிலேயே எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டி வீடியோ எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள். கேஸ் அடுப்பில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள். கேஸ் வேலை செய்பவர்களுக்கான அங்கே உள்ள அதிகாரபூர்வப் பட்டியலான 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் தொட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது மாடல் எண் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். டிஷ்வாஷரில் கதவின் விளிம்பில், ஓவனில் கதவு திறந்தால் சட்டத்தில், ஃபிரிட்ஜில் உள்சுவரில் இருக்கும். கூடவே சிங்க்குக்கு அடியில் ஒரு படம், அடிப்பட்டையைக் கழற்றித் தரையோடு ஒரு படம். அந்த மூன்றும் இருந்தால் என்ன சாமான் எடுத்து வர வேண்டும் என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.